அண்ணாச்சியின் நாக்கு

விடியுமுன்னே அய்யாத்துரை அண்ணாச்சியின் பேக் தைக்கும் கார்கானாவில் மெஷின்கள் தடதடக்கும். எதிர்வீடு என்பதால் தோல் நாற்றமும் பசை நெடியும் டீக்கு முன்பே எனக்கு வந்துவிடும், சேதிகளும் அப்படித்தான். திங்கட்கிழமை என்றால் மெஷினுக்கு முன்னால் மாத்திரை. மழைக்காலத்தில் மலேரியா என்று எவனும் படுத்துவிடக் கூடாதாம். கொசு பெருகும் தண்ணீர் டிரம்முக்கு மூடி வாங்க மனம் வராத அண்ணாச்சி, மாத்திரையை மட்டும் தன் கையால் ஊட்டுவார். விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். பிறகுதான் மெஷினுக்குக் கரண்ட் போடுவார்.

அங்கே தைத்துக்கொண்டிருந்த ஏஞ்சலோவுக்கு முதலில் தூக்கம் போனது. அப்புறம் பேக்குக்குள் யாரோ முனகுவதாகத் தைத்ததையெல்லாம் பிரித்தான். பெண்டாட்டி ஷைனியையே "யாரு நீ?" என்று கேட்டு மூலையில் ஒடுங்கினான். குடி என்றார்கள், பேய் என்றார்கள். ஜெபக்கூட்டத்தில் எண்ணெய் பூசினார்கள். பூசிய நல்ல உள்ளங்களே அடுத்த திங்களும் அவனை மாத்திரைக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஷைனி அவனைக் கூட்டிப்போன சயான் ஆஸ்பத்திரி டாக்டர்தான், அவள் பொறுக்கிக் கொண்டுபோன காலி மாத்திரை அட்டையைப் பார்த்து, "இது சிலருக்கு மூளையைக் கலக்கிரும், உடனே நிறுத்துங்க" என்றாராம். ஷைனி அதைச் சொல்லக் கார்கானாவுக்குப் போனபோது நான் ஜன்னலில்தான் இருந்தேன்.

"பைத்தியத்துக்கு மெஷின் குடுக்க முடியாதும்மா. வேற ஆளு போட்டாச்சு."

"பைத்தியமாக்குனது யாரு அண்ணாச்சி?"

"மத்தவனெல்லாம் திங்கலியா? அவன் மண்டை அப்படி. சலோ, கெளம்பு."

ஷைனி அழவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, "எம் புருசன் பயந்த பயத்த அண்ணாச்சி கண்ணுல நான் பாக்கணும்" என்றாள். ஏஞ்சலோவுக்குப் பக்கத்து மெஷினில் தைக்கும் வெயிலுமுத்து குனிந்துகொண்டே சொன்னான்: "எனக்கும் கனவுல தெனம் எவனோ கழுத்த நெரிக்கான் மதினி. சொன்னா வேல போயிருமேன்னு பொத்திக்கிட்டு கெடந்தேன்." பக்கத்தில் நின்றவனும் வாய் திறந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன்.

அடுத்த திங்கள், எல்லோரும் மாத்திரையை உள்ளங்கையில் ஏந்தி நின்றார்கள். யாரும் விழுங்கவில்லை.

"என்னல, படம் காட்டுதியளா?"

"மொதல்ல நீங்க, அண்ணாச்சி" என்றான் வெயிலுமுத்து.

"எனக்கெதுக்குல?"

"கொசு மொதலாளியக் கடிக்காதோ?"

ஷைனி அந்த டிரம்மிலேயே டம்ளரை முக்கி நீட்டினாள். "முழுங்கிட்டு நாக்கக் காட்டுங்க. இல்லன்னா ஏஞ்சலோ மெஷினு ஏஞ்சலோவுக்கு. ஆஸ்பத்திரிச் செலவு ஒங்களுக்கு. டிரம்முக்கு மூடி. அதுவரைக்கும் கரண்ட் போடாதீக."

பின்னால் ஏஞ்சலோ நடுங்கிக்கொண்டு நின்றான். வெயிலுமுத்து அவன் கையை விடவில்லை. அண்ணாச்சியின் நெற்றி வேர்த்தது. பார்வை டம்ளருக்கும் மாத்திரைக்குமாக ஓடியது. ஷைனி கண் கொட்டாமல் அதைப் பார்த்தாள்.

அவர் மாத்திரைக்கு வாய் திறக்கவில்லை. மெஷின்களும் ஓடவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் நான் இறங்கிப் போனேன். யாரோ என் கையிலும் ஒரு மாத்திரையை வைத்தார்கள்.

நானும் அதை அண்ணாச்சியை நோக்கி நீட்டினேன்.