ரென்சிங்க் வயலில் விழுந்த விமானம்

அப்பாவின் கால்மாட்டில் போர்வையைத் தூக்கி, துணியில் சுற்றிய தகட்டை வில்மா சவப்பெட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். சமையலறையில் காபிக் கோப்பைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அது ட்ரூஸ், அடுத்த பண்ணை பென்னியின் மனைவி. டச்சு நாட்டின் இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வீட்டுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். குளிப்பாட்டுவது, வீடு வீடாகப் போய்ச் சொல்வது, திராட்சை ரொட்டிக்குச் சொல்லி வைப்பது, பெட்டியைத் தூக்குவது எல்லாம் அடுத்த வீட்டாரின் கடமை. மூன்று நாளாக வில்மா தன் வீட்டிலேயே விருந்தாளியாக இருந்தாள். தகட்டைச் சுற்றிய துணியைக்கூட ட்ரூஸ் பார்க்காத நேரம் பார்த்து எடுக்க வேண்டியிருந்தது.

தகடு உள்ளங்கை அகலம்தான். ஆனால் எஞ்சினின் ஒரு துண்டு அதோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் செங்கல் கனம் கனத்தது. அப்பாவின் பாதங்களோ வற்றிப்போயிருந்தன. எப்படி வைத்தாலும் போர்வை அங்கே மேடு தட்டியது.

உலகப்போரின்போது, நாற்பத்து மூன்றாம் ஆண்டு ஜூன் மாதத்தில், அப்பா தோன் ரென்சிங்குக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, அந்த விமானம் எரிந்துகொண்டே வந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த சதுப்பு வயலில் செருகிக்கொண்டது. ஏழு பேர் போகும் இங்கிலாந்துக் குண்டுவீச்சு விமானம். மேலே கிடந்ததை, நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மன்காரர்கள் வாரிக்கொண்டு போனார்கள். மிச்சத்தைச் சேறு விழுங்கிவிட்டது. எழுபத்தைந்தில் தொடங்கித் தோனும் பென்னியும் இரண்டு கோடைகாலம் முழுக்கத் தோண்டினார்கள். கிடைத்ததையெல்லாம் கழுவி, எண்ணெய் தடவி, பன்றிக் கொட்டிலைக் காலி பண்ணி அங்கே வைத்தார்கள். ஆட்களின் மிச்சம் எதுவும் கிடைக்கவில்லை, அவர்கள் யார் என்று சொல்லும் பொருளும் கிடைக்கவில்லை.

அதே ரகத்தில் இரண்டு விமானங்கள் அன்றிரவு தொலைந்துபோயிருந்தன. எது இது என்று யாருக்கும் தெரியாது. தோன் இரண்டு விமானத்து ஆட்களின் வீடுகளுக்கும், பதினான்கு முகவரிகளுக்கு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிதம் எழுதினார். ஒரே ஒரு பதில் வந்தது. ஷெஃபீல்டிலிருந்து பார்க்கின் என்ற அம்மாள் எழுதியிருந்தாள். அவள் மூத்த மகன் கென் வால்பக்கத்துத் துப்பாக்கிக்காரன். கடிதத்தோடு அவன் படமும் இருந்தது. ஆகவே அது கென்னின் விமானம் ஆயிற்று. ஓர் ஆணி எந்த விமானத்து ஆணி என்று அருங்காட்சியகக்காரர்களோடு மல்லுக்கு நிற்கிற மனிதர், இந்த விஷயத்தில் மட்டும் அப்படிச் சறுக்கினார். பதில் போட்டவர்களின் விமானம் அது என்று முதலில் எண்ணிக்கொண்டார், பிறகு நம்பினார், பிறகு பலகையில் ஏழு பெயர்களை வண்ணத்தில் எழுதிக் கொட்டில் சுவரில் திருகினார்.

கென்னின் தம்பி லெஸ்லி வருஷா வருஷம் மே மாதம் வந்து மாடி அறையில் ஒரு வாரம் தங்குவார். எண்பத்து மூன்றில் அம்மாவின் சாம்பலை ஒரு பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்து அந்த வயலில் தூவினார். தோன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

இந்தச் செப்டம்பரில் அந்த வயலோர வாய்க்காலை ஆழப்படுத்த வந்த இயந்திரம் எஞ்சின் துண்டு ஒன்றை, அதில் ஒட்டிய தகட்டோடு, வாரிப் போட்டது. அப்போதே தோனின் வயிற்றில் புற்று முற்றியிருந்தது. படுக்கையில் சாய்ந்தபடி பல் துலக்கும் பிரஷ்ஷால் பத்து நாள் தேய்த்துத் தகட்டிலிருந்த எண்ணைப் படித்தார். இங்கிலாந்து விமானப்படைக்கு எழுதினார். பதில் வந்தது. அந்த எண் உள்ள எஞ்சின் மற்ற விமானத்தினுடையது. அந்த விமானத்தில் போன ஒருவனின் அக்கா, எண்பத்தொரு வயது, வெகுகாலம் முன்பே கனடாவுக்குக் குடிபோனவள், தம்பி எங்கே விழுந்தான் என்று இன்றும் ஆண்டுதோறும் கேட்டு எழுதுகிறாள் என்றும் கடிதத்தில் இருந்தது.

நான்காம் நாள் தோன் வில்மாவைக் கூப்பிட்டு, "அந்தத் தகட்ட என்னோடயே வச்சிரு. லெஸ்லிகிட்ட சொல்லாத" என்றார். வில்மா "சரிப்பா" என்றாள். சாகக் கிடக்கும் மனிதரிடம் வேறு என்ன சொல்வது?

பென்னி கறுப்புக் கோட்டில் உள்ளே வந்தார். மூடியைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தார். போர்வையைச் சரிசெய்யக் குனிந்தவரின் கை மேட்டில் பட்டது.

"என்ன பொண்ணே, உங்கப்பனுக்கு மரச்செருப்பும் போட்டு அனுப்பறியா?"

துணியைப் பிரித்தார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இது வாய்க்கால்ல வந்ததில்ல? கொட்டில்ல இருக்க வேண்டியது இங்க எதுக்கு?"

வில்மா சொன்னாள். நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பென்னி பெட்டிக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப கென் விமானம் இல்ல அது."

"இல்ல மாமா."

"அந்தக் கிழவியோட சாம்பல்..."

"ம்."

"அடப் போடா தோன்" என்று பென்னி பெட்டியைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு வருஷம் என் முதுகு ஒடிஞ்சதே!"

"நான் வாக்குக் குடுத்துட்டேன் மாமா. அங்க கனடாவுல ஒரு அம்மா காத்துக்கிட்டிருக்காங்க. இங்க லெஸ்லி. நீங்களே சொல்லுங்க, என்ன பண்றது?"

"நானா? நல்ல ஆளப் பாத்துக் கேட்ட. பெட்டிய மூடறது அடுத்த வீட்டுக்காரன் வேலை. உள்ள என்ன போகணுங்கறது வீட்டுக்காரங்க பாடு." தகட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். "நான் வெளிய போய் ஒரு சுருட்டு பிடிக்கறேன். திரும்பி வரும்போது அது எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும். அப்புறம், பெட்டி தூக்கற நம்ம ஹாரிக்கு இடுப்பு பிடிச்சிக்கிச்சு. தூக்க ஒரு ஆள் குறையுது. லெஸ்லியக் கூப்பிட்டிருக்கேன்."

"லெஸ்லியவா?"

"இருபது வருஷமா வர்றான். என் வேலிக்குப் பெயிண்ட் அடிச்சவன். அவனும் அக்கம்பக்கம்தானே?"

அவர் போனதும் வில்மாவுக்குக் கோபம் வந்தது. செத்தவர் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. தனக்குச் சொல்லத் துணிவில்லாததை மகளிடம் தள்ளிவிட்டு, அவர் முடி வாரி, கழுத்துப்பட்டி கட்டி, சாதுவாகக் கிடந்தார். தகட்டை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். போர்வையை அவர் பாதங்களைச் சுற்றி நன்றாகச் செருகினாள். இப்போது அது சமமாக இருந்தது.

பென்னி வந்தார், நாற்காலியைப் பார்த்தார், மூடியை வைத்துத் திருகினார்.

இரவுக் கப்பலில் வந்திறங்கிய லெஸ்லி ஐந்து அக்கம்பக்கத்தாரோடு ஆறாவது ஆளாகத் தோள் கொடுத்தார். எழுபது வயதுக்கு நேராகத்தான் நடந்தார். பாதிரியார் சுருக்கமாக முடித்தார். குழிக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளத் தட்டைகள் நனைந்து நின்றன. வில்மாவின் கோட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது.

வீட்டில் மூன்றாம் கோப்பைக் காபிக்கு மேல் பேச்சு சத்தமாயிற்று, யாரோ சிரித்தார்கள். சாவு வீடுகளில் அந்த நேரத்தில் அப்படித்தான் ஆகும். வில்மா பார்த்தபோது லெஸ்லியின் நாற்காலி காலியாக இருந்தது. வெண்ணெய் தடவிய திராட்சை ரொட்டி தட்டில் அப்படியே கிடந்தது.

அவர் கொட்டிலில், விமானத்தின் வளைந்த விசிறி இறக்கைக்குப் பக்கத்தில், தோனின் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு டச்சு வராது. வில்மா பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில்தான் இத்தனை வருஷமும் பேசிவந்தாள்.

"ரொம்ப லேசா இருந்தார் வில்மா" என்றார் லெஸ்லி.

அவள் தகட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பழகிய ஆள் மாதிரி அதைத் திருப்பிப் பார்த்தார்.

"புதுசா?"

"செப்டம்பர்ல கிடைச்சது. இதையும் படிங்க."

அவள் நீட்டிய இங்கிலாந்துக் கடிதத்தை எழுந்து நின்று படித்தார். பிறகு ஜன்னலோரம் போய் இன்னொரு தடவை படித்தார். பிறகு மடித்தார்.

"தோனுக்குத் தெரியுமா?"

"மூணு வாரம் முன்னாடியே தெரியும். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னார். இதைத் தன்னோட சேத்துப் புதைக்கச் சொன்னார்."

லெஸ்லி தலையை ஆட்டினார். "நல்ல மனுஷன்" என்றார். தகட்டை விசிறி இறக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "முட்டாள்தனமான யோசனை" என்றார்.

கடிதத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப கென் எங்க?"

"தெரியல. வடகடல்ல விழுந்திருக்கலாம்னுதான் அவங்களும் எழுதியிருக்காங்க."

"கடலா..." லெஸ்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவனுக்கு நீச்சல் தெரியாது."

முற்றத்தில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வில்மாவுக்கு அழுகை வந்தது, அதை அப்பாவுக்கான அழுகை என்றே வைத்துக்கொண்டாள்.

"லெஸ்லி, வயல்ல உங்க அம்மா..."

"அவங்க அங்கயே இருக்கட்டும். பழகின இடம்."

அவர் போய்ச் சுவரிலிருந்த பலகையின் முன் நின்றார். பெயர்களை மேலிருந்து கீழே படிப்பதுபோல் இருந்தது. பிறகு ஆணியில் தொங்கிய தோனின் திருப்புளியை எடுத்தார். எந்த ஆணியில் எது தொங்கும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு திருகாகக் கழற்றி, இடது கையில் சேர்த்து வைத்துக்கொண்டார். கடைசித் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தது. வில்மா உதவிக்குப் போனபோது வேண்டாம் என்று தோளை அசைத்தார். பலகை இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக இருந்தது.

"இதைச் சுத்திக்க ஒரு பழைய பேப்பர் இருந்தா குடு" என்றார்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் பலகையை முக்காலியில் சாய்த்து வைத்து, நிதானமாகச் சுற்றினார்.

"கனடா அம்மாவுக்கு எப்ப எழுதப் போற?"

"நாளைக்கு."

"மே மாசம் வரச் சொல்லு. மாடி ரூம்ல ஜன்னல் பக்கக் கட்டில அவங்களுக்குப் போடு. இன்னொண்ணு நடுவுல குழிஞ்சிருக்கும்."

"நீங்க?"

அவர் அவள் கையைப் பிடித்து நிமிர்த்தி, நான்கு திருகுகளையும் அதில் வைத்தார்.

"இது வேணும் உனக்கு, அடுத்த பலகைக்கு."

வாசலிலிருந்து ட்ரூஸ் காபி ஆறுகிறது என்று சத்தம் போட்டாள். லெஸ்லி பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். வில்மா கையைத் திறந்து பார்த்தாள். மூன்று திருகுகள் ஒரே அளவு. ஒன்று மட்டும் நீளம். எப்போதோ ஒன்று தொலைந்துபோய், கைக்குக் கிடைத்ததை அப்பா போட்டிருக்கிறார்.