பெட்டி மூட முந்தி

றிமோட்டின் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. ஜெனிற்றா சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள், கூடியது. ‘சோர்ஸ்’ பொத்தானை அழுத்தினாள். சுவரிலிருந்த தொலைக்காட்சி மசியவில்லை. அதில் ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள்.

“உந்தச் சனியனை முதல் மாத்து பிள்ளை. செத்தவீட்டிலை சமையலே பாக்கிறது?” என்றார் அடைக்கலநாதன் மாமா.

செத்தது ஜெனிற்றாவின் அண்ணன் ஜெறோம். பாரிசில் வேலை முடிந்து வரும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் பிறகு எழும்பவில்லை. இன்று அங்கே அடக்கம். உடலை வைத்திருக்கும் மண்டபத்திலிருந்து நேரடியாகப் படம் வரும் என்றதால் குருநகர் வீட்டில் விறாந்தை வரை சனம். போனில் பார்த்திருக்கலாம். ஆனால் அம்மா சின்னத்தங்கத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. போனை முகத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “வெறும் வெளிச்சமாக் கிடக்கு. எனக்கு அவன்ரை முகம் பாக்கோணும்” என்றவள், தொலைக்காட்சிக்கு நேரே கதிரையைப் போட்டு இருந்துவிட்டாள்.

பழைய றிமோட் உப்புக்காற்றில் கறள்பிடித்துப் பழுதாகியிருந்தது. எல்லா ரீவிக்கும் பொருந்தும் என்று மாமா ரவுணிலிருந்து வாங்கிவந்தது இது. மாமாவின் போனிலிருந்து தொலைக்காட்சிக்கு வயரும் கொழுவியாயிற்று. தொலைக்காட்சியை அந்த வயரின் பக்கம் மாற்றத்தான் வழியில்லை. அதன் அடியிலிருந்த ஒற்றைப் பொத்தான் போடவும் நிற்பாட்டவும் மட்டுமே உதவியது.

ஜெனிற்றாவின் போன் அதிர்ந்தது. பாரிசிலிருந்து பெரியம்மாவின் மகள் கிறிஸ்ரினா. ஜெனிற்றா குசினிக்குள் போய்க் கதைத்தாள்.

“படம் வந்திட்டுதோ?”

“இன்னும் இல்லை அக்கா.”

“பாதர் செபம் தொடங்கிட்டார். முடியப் பெட்டியை மூடிப்போடுவினம்.” கிறிஸ்ரினாவின் குரல் தாழ்ந்தது. “ஆரபி முன்னுக்குத்தான் நிக்கிறா, பிள்ளையோடை. பின்னாலை போங்கோ எண்டு நான் எப்பிடியடி சொல்லுறது?”

ஆரபியைப் பற்றி இந்த வீட்டில் ஜெனிற்றாவுக்கு மட்டும்தான் தெரியும். இணுவில் பெண், சைவம். அண்ணனோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவள். கோயிலில் தாலி கட்டவுமில்லை, கந்தோரில் கலியாணம் எழுதவுமில்லை. அம்மாவிடம் தானே சொல்வதாக அண்ணன் ஒவ்வொரு நத்தாருக்கும் சொல்லிவந்தான். அம்மாவோ போன மாதம்கூட அவனுக்குப் பாசையூரில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தாள்.

ஜெனிற்றா திரும்பி வந்தபோது மாமா றிமோட்டோடு வந்த கடதாசியைத் தூரப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார்.

“ரீவிக்குரிய இலக்கம் போடுறதை விடு. தானாத் தேடுமாம். பவரை அமத்திப் பிடிச்சுக்கொண்டிரு. ரீவி எப்ப நூந்து இருளுதோ அப்ப உடனை கையை எடுக்கோணும். பிந்தினால் அது சரியான இலக்கத்தைத் தாண்டிப்போடும்.”

அமத்தினாள். சிவப்பு விளக்கு மின்னி மின்னித் தேடியது. கத்தரிக்காய்ச் சட்டியோடு திரை பட்டென்று இருண்டது. அவளுடைய பெருவிரல் எழவில்லை. விளக்கு இன்னொருமுறை மின்னியது.

“விட்டிருக்கோணுமெல்லே,” என்றார் மாமா.

விரல் பிந்தியதா, மனம் பிந்தியதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. படம் வராமலே போனால் அம்மாவுக்கு அண்ணன் பழைய அண்ணனாகவே இருப்பான். விறாந்தைச் சனத்துக்கும் வாய்க்கு அவல் கிடைக்காது.

“பிள்ளை, மூடிப்போட்டினமோ?” அம்மா திரும்பாமலே கேட்டாள்.

“இல்லையம்மா.”

“மூட முந்திக் காட்டு.”

தண்ணீர் கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஜெனிற்றா தொலைக்காட்சியின் அடியைத் தடவி மறுபடியும் அதைப் போட்டாள். பவரை அமத்தினாள். விரல் நுனி வெளுத்து நோகத் தொடங்கிய நேரத்தில் திரை இருண்டது. கையை எடுத்துவிட்டாள். விளக்கு நின்றுவிட்டது.

இப்போது ‘சோர்ஸ்’ வேலை செய்தது. முதலில் ‘நோ சிக்னல்’ என்று நீலத்திரை. பட்டியலில் ஒன்று கீழே இறங்கினாள். மண்டபம் வந்தது.

கோட்டுப் போட்டு, விரல்களில் செபமாலை சுற்றி, ஜெறோம் கிடந்தான். அம்மா எழுந்துபோய்த் திரையை முட்டுவதுபோல நின்றாள். முகம் வந்த இடத்தில் பார்வையை வைத்து அசையாமல் பார்த்தாள்.

படம் மெல்ல விலகியது. பெட்டியருகே கறுப்புச் சேலையில் ஒரு பெண். அவள் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி எம்பி எம்பிப் பார்த்தாள். பெட்டியின் விளிம்புக்கு அவளுடைய நெற்றிதான் வந்தது.

“அப்பா,” என்று அவள் கூப்பிட்டது வீடு முழுக்கக் கேட்டது.

விறாந்தையில் செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள்.

“ஆரின்ரை பிள்ளையது?” மாமா கேட்டார்.

ஜெனிற்றா றிமோட்டை இறுகப் பிடித்தாள். “அண்ணையின்ரை.”

“என்ன கதையடி இது? எங்களுக்கு ஒரு சொல்லு…”

“பேசாமல் இரு தம்பி,” என்றாள் அம்மா. பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பிள்ளைக்கு எட்டேல்லை. ஆரையும் தூக்கச் சொல்லு” என்றாள்.

ஜெனிற்றா கிறிஸ்ரினாவை அழைத்துச் சொன்னாள். போனில் “ஓம்” என்று கேட்டது. திரையில் சிறுமி இன்னும் எம்பிக்கொண்டுதான் நின்றாள். அங்கே நடப்பது இங்கே வந்துசேரக் கொஞ்சம் பிந்தியது. பிறகு கிறிஸ்ரினா குனிந்து அவளைத் தூக்குவது தெரிந்தது.

சிறுமி கையை நீட்டி, தகப்பனின் கோட்டுப் பொத்தான் ஒன்றைத் துளைக்குள் போடத் தொடங்கினாள். அது நழுவி நழுவிப் போனது. மூடியைப் பிடித்து வந்த இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.