வெயிலில் காயப்போடவும்

"நான் கறை இல்லட்டி!" என்று கோமதிநாயகம் கத்தினார்.

"கத்தாதிய. 'இவ்வகைக் கறை கத்தும்'னு போட்டிருக்காவ." உலகம்மாள் கைப்பேசியைப் புருஷன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நீங்களே படிச்சுக்கிடுங்க."

படித்தார். 'எப்படி?' என்ற அந்த இணையதளத்தில், குழம்புக் கறைக்கும் துருக் கறைக்கும் நடுவில் அவர் இருந்தார். 'நாற்காலியில் வெகுகாலம் படிந்த குடும்பத்தலைவர்.' படமும் போட்டிருந்தார்கள். பனியன் அவருடையதுதான்.

சாயங்காலம் மகள் செண்பகவடிவைப் பெண் பார்க்க ராஜபாளையத்திலிருந்து வருகிறார்கள். அதற்குள் வீடு சுத்தமாக வேண்டும். கோமதிநாயகத்துக்கு இருந்தது ஒரே ஆசை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து, "பொண்ணோட அப்பா நான்" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். பல வருஷமாகக் குளியலறையில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். வளவில் எல்லா வீட்டுக்கும் கேட்கும்.

எங்கள் வளவில் எதுவானாலும் அந்தத் தளத்தைப் பார்த்துத்தான். மாவு புளிக்காவிட்டால் பார்ப்போம். ஜன்னல் கதவு முனகினால் பார்ப்போம். சொன்னபடி செய்வோம். செய்து முடித்ததும் அடியில் நாலு பேருக்கு உதவும்படி ஒரு குறிப்பு எழுதிவிட்டு வருவோம். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்போமா? அந்த மரியாதைதான் இதுவும்.

முதலில் வெந்நீர். எதிர்வீட்டுப் பேராச்சி அண்டாவோடு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அவளை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

"அண்ணாச்சி, கழுத்துவரைக்கும் ஊறினாப் போதுமாம்."

"பேராச்சி, நீயாவது சொல்லு. நான் மனுசன்லா?"

"நான் சொல்லி என்ன ஆகப்போகுது? அதுல போடலியே."

ஊறினார். மீசை வெளுத்தது. அப்புறம் காதுகள். குரல் பாதியாகிவிட்டது.

அடுத்து எலுமிச்சையும் உப்பும். செண்பகவடிவு நார் எடுத்து முதுகைத் தேய்த்தாள்.

"கொஞ்சம் திரும்புங்கப்பா."

"நீயுமாம்மா?"

"நான் இன்னும் தலை பின்னலப்பா. சீக்கிரம் போயிருங்க."

வாசலுக்கு ஓடினார். ஓட ஓட வாசல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பேராச்சி குறுக்கு வழியில் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

உலகம்மாளின் கைப்பேசியைப் பிடுங்கி, 'வீட்டிலேயே இருப்பது எப்படி?' என்று தேடினார். அந்தப் பக்கம் இருந்தது. 'இது யாருக்கும் உதவாததால் எடுத்துவிட்டோம்' என்று எழுதியிருந்தது.

எவ்வளவு தேய்த்தும் அவர் முழுசாகப் போகவில்லை. விளிம்பு நின்றது. கண்ணும் நின்றது. உலகம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "வார நேரமாச்சே! இப்படி அரையும் குறையுமா இருந்தா என்ன நினைப்பாவ?"

"மதினி, அடியில ஒரு குறிப்பு இருக்கு பாருங்க." பேராச்சி சத்தமாக வாசித்தாள். "'இதற்கும் போகாவிட்டால் மொட்டைமாடிக் கொடியில் வெயிலில் காயப்போடவும். இரண்டு கிளிப் போதும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டால் கெஞ்சுவது தெரியாது.' ஏ அண்ணாச்சி, இது உங்க பேருல்லா!"

அவர் பேர்தான். போன பங்குனியில் மாடிவீட்டுப் பூதலிங்கம் வாத்தியாரை எடுத்தபோது எழுதியது. அன்றைக்கு எலுமிச்சை பிழிந்ததும் கோமதிநாயகம்தான். வாத்தியார் கடைசிவரை "நாயகம், நாயகம்" என்று அவரைத்தான் கூப்பிட்டார். இவர் கிளிப் போட்ட கையோடு இறங்கிவந்து குறிப்பு எழுதினார்.

"எவ்வளவு தெளிவா எழுதியிருக்கிய," என்றாள் உலகம்மாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கொடியில் போட்டார்கள். முகம் சுவர்ப் பக்கம்.

கீழே மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரி மணம் மாடிவரை ஏறியது. மாப்பிள்ளை அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பளிச்சென்று இருந்தது.

"பொண்ணோட அப்பா?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

"மாடியில காயுதாவ."

"நல்லதாப் போச்சு. எங்க வீட்டுக்காரர ஐப்பசியில போட்டோம். ஒரே மழை. காயவே இல்ல. இன்னும் வீட்ல அந்த வாடை."

எல்லாரும் சிரித்தார்கள். செண்பகவடிவு அளவாகச் சிரித்தாள்.

மாடியில் கோமதிநாயகம், இத்தனை வருஷம் சொல்லிப் பார்த்ததைச் சொன்னார். குறிப்பில் எழுதியிருந்தபடியே ஆயிற்று. சுவருக்கு மட்டும்தான் கேட்டது.

ஆனியில் கல்யாணமாகிச் செண்பகவடிவு ராஜபாளையம் போனாள். அந்த மாசமே வீட்டைக் காலி செய்து, நாற்காலியோடு உலகம்மாளும் அங்கே போய்விட்டாள். வண்டி கிளம்பும் நேரத்தில் என்னவோ நினைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அன்றைக்குக் காற்று பலமாக அடித்தது. இரண்டு கிளிப்பையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிவந்தாள். நல்ல கிளிப். துருவே ஏறாது.