பீன்ஸ் ஆறுவதற்குள் ஒரு வாக்கெடுப்பு

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் கையில் காகிதத் தட்டும், தட்டில் பன்றித் தொடைக்கறியும் வேகவைத்த பீன்ஸும் இருந்தன. எழுத்தாளனுக்குக் கதை கிடைக்கிற நேரமா அது? குறித்துக்கொள்ளப் பேனா இல்லை, இருந்தாலும் பிடிக்கக் கை இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெர்மாண்ட் மலைகளில் பனி இன்னும்..." வேண்டாம். மார்ச்சில் பனி இருக்காமல் எங்கே போகும்? அடுத்து: "கோலெட் அன்று காலை கண்ணாடியில் தன்னைப் பார்த்து..." கண்ணாடி பார்க்க அவளுக்கு ஏது நேரம்! அதையும் விட்டேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2

கோலெட் தெரியோ, வெர்மாண்டில் எங்கள் ஊர்ப் பள்ளியில் பேண்ட் வாத்தியக் குழுவை நடத்தும் ஆசிரியை. மார்ச் முதல் செவ்வாயன்று ஊரே பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடும். அடுத்த வருஷப் பள்ளி பட்ஜெட்டை அங்கேயே பேசி, சண்டை போட்டு, வாக்கு அட்டையைத் தூக்கி முடிவு செய்வோம். இந்த வருஷத் திட்டத்தில் பேண்ட் இல்லை. பேண்ட் போனால் அவள் வேலையும் போகும். அவளுக்கோ வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த ஊரில். அதனால் இங்கே வாக்கு கிடையாது. சுவரோரம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

(இடையில் ஒரு வார்த்தை. பிள்ளைகள் இந்த வருஷம் சும்மா இருக்கவில்லை. ரோபோ செய்தார்கள், அது தலைமையாசிரியரின் காலில் ஏறியது. நாடகம் போட்டார்கள், மேடைக் கதவு கையோடு வந்துவிட்டது. குளிர்கால ஊர்வலத்தில் வாத்தியங்களின் விசைகள் உறைந்துபோக, பேண்ட் பிள்ளைகள் அவற்றைக் கோட்டுக்குள் அணைத்துச் சூடாக்கி மறுபடி ஊதினார்கள். பட்ஜெட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.)

பேண்டில் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதும் டெஸ் ஜனவரியில்தான் பதினெட்டைத் தொட்டவள். புத்தம்புது வாக்காளர். பேண்டைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று அவள் எழுந்து திருத்தம் கொண்டுவந்தாள். சனியன், சரியாக அப்போதுதான் சமையலறையிலிருந்து பீன்ஸ் வாசனை வந்தது. எங்கள் ஊரில் எது தவறினாலும் பன்னிரண்டு மணிச் சாப்பாடு தவறக் கூடாது. "பேசினது போதும், ஓட்டெடுங்க!" என்று நாலு பக்கமும் குரல். கூட்டத்தை நடத்தும் லோயிஸ் வாக்கெடுத்தாள். திருத்தம் தோற்றது. ஊர் எழுந்து வரிசையில் நின்றது.

தோற்றதுகூடப் பரவாயில்லை, போயும் போயும் பசியிடம் தோற்றோமே என்று கோலெட்டுக்கு ஆத்திரமாக வந்தது.

3

எதிர்த்தவர்களில் பெரிய குரல் வெண்டல் ஹாஸ்கின்ஸுடையது. மேப்பிள் மரச்சாற்றில் பாகு காய்ச்சுகிறவர். வரி என்றாலே மீசை துடிக்கும். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமா? கதைக்கு இவர் மனம் மாற வேண்டும். எதற்காக மாறுவார்? சின்ன வயதில் டிரம்பெட் வாசித்து அப்பாவிடம் அடி வாங்கினார் என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன், எனக்கே சகிக்கவில்லை. பிறகு, காலமான மனைவிக்குப் பேண்ட் என்றால் உயிர் என்று... ஐயோ, ஆர்லீன் குத்துக்கல் மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்து ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் வசதிக்காக அவளைக் கொல்வதா?

நடந்ததையே எழுதுகிறேன்.

4

பரிமாறியது பிள்ளைகள். டெஸ் கரண்டியோடு நின்றாள். பக்கத்தில் கோலெட் ரொட்டி வைத்துக்கொண்டிருந்தாள். வெண்டலும் ஆர்லீனும் இரண்டாம் முறை வாங்க வந்தார்கள்.

"ஹாஸ்கின்ஸ் சார், எங்களுக்கு எதிரா அட்டையைத் தூக்கினீங்களே, ஏன்?" என்றாள் டெஸ்.

"ஏன்னா? பீன்ஸ் ஆறிடுமேன்னுதான்."

"அவ்ளோதானா?"

"பின்னே? நீ பேச ஆரம்பிச்சா நிறுத்துவியா? உன்னை எனக்குத் தெரியாதா?"

ஆர்லீன் பொங்கிவிட்டாள். "அடப்பாவி மனுஷா! போன வெள்ளிக்கிழமை மேட்ச்ல இவங்க ஊதினப்ப, காலைத் தட்டித் தட்டி என் காப்பியைக் கொட்டினது யாரு?"

"நல்லா ஊதினாங்க, தட்டினேன். அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

காலையிலிருந்து வாயைத் திறக்காத கோலெட்டால் அதற்குமேல் முடியவில்லை.

"சார், ஜெயிச்ச பக்கத்துல கை தூக்கினவங்க கேட்டாத்தான் மறுபடி ஓட்டெடுக்க முடியும். அது உங்க ஊர் விதி. நான் வெளியூர்க்காரி, என்னால முடியாது. உங்களால முடியும். கெஞ்சலை, கேக்கறேன். பசி அடங்கிடுச்சா?"

வெண்டல் அவளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "இன்னொரு கரண்டி போடச் சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

டெஸ் இரண்டு கரண்டி போட்டாள்.

5

சாப்பாடு முடிந்து லோயிஸ் சுத்தியலைத் தட்டியதும் வெண்டல் எழுந்தார்.

"ஏம்மா லோயிஸ், காலைல எதிர்த்துக் கை தூக்கினவன் நான். வயித்தைக் கேட்டு ஓட்டுப் போட்டுட்டேன். இப்பத்தான் மூளை முழிச்சிருக்கு. மறுபடி எடு."

"வரி ஏறுமே வெண்டல்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"ஏறட்டும். திட்டிக்கிட்டே கட்டுவேன். என்னைக்கு நான் சிரிச்சுக்கிட்டு கட்டியிருக்கேன்?"

கூடமே சிரித்தது. அட்டைகளை எண்ணிக் குழம்ப லோயிஸுக்கு விருப்பமில்லை. ஆதரிக்கிறவர்கள் மேடைப் பக்கம், எதிர்க்கிறவர்கள் வாசல் பக்கம் என்று நடக்கச் சொன்னாள். வெண்டல் முதலில் நடந்தார். ஆப்பிள் பை இருந்த தட்டோடு பின்னால் ஆர்லீன்.

(நான் எங்கே நின்றேன் என்று கேட்கிறீர்களா? எழுத்தாளன் நடுநிலையாக... சும்மா சொன்னேன். மூன்றாவது ஆளாக ஓடினேன்.)

பிறகு நாற்காலிகள் கடகடவென்று நகர்ந்தன. காலையில் எதிர்த்தவர்கள், ஆதரித்தவர்கள், பனிச்சறுக்குக் காலணியோடு வந்தவர்கள், தூங்கி எழுந்தவர்கள் எல்லாரும் வந்து மேடைப் பக்கம் மூச்சு முட்டியது. வாசல் பக்கம் விரல்விட்டு எண்ணும்படி சிலர். லோயிஸ் எண்ணவே இல்லை. சுத்தியலைத் தட்டி, "பேண்ட் இருக்கு!" என்றாள்.

6

தோல்வியில் முடித்தால் கதைக்குக் கனம் வரும் என்று ஒரு நண்பர் சொன்னார். கனம் வேண்டுமென்றால் டியூபாவைத் தூக்கிப் பாருமய்யா என்றேன். ஜெயித்தார்கள். அதை மாற்ற மாட்டேன்.

ஆனால் கடைசி வரி என்னிடம் இல்லை. பிள்ளைகள் பெட்டிகளைத் திறந்து வாத்தியங்களை எடுத்துவிட்டார்கள். கோலெட் கூடத்தின் நடுவில் நின்று, வெட்கமில்லாமல் அழுதுகொண்டே, பாட்டைத் தொடங்கிவைக்க வாக்குரிமை இல்லாத அந்தக் கையைத் தூக்கினாள். டெஸ் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

என்ன பாட்டு என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மெதுவான பாட்டு மட்டும் வேண்டாம்.