லிட்டருக்குப் பன்னிரண்டு

தங்கச்சி பொன்செல்வியைக் கட்டியவன் என்பதைத் தவிர, ராஜபாண்டியிடம் மதிக்கத் தகுந்த ஒரு சங்கதியும் பூலோகத்தின் கண்ணில் பட்டதில்லை. பூலோகம் தாராவியில் இருபத்திரண்டு வருஷமாக கேரேஜ் நடத்துகிறவன். மாப்பிள்ளையோ, வேலை பார்த்த கம்பெனி மூடியதும், செம்பூரில் பழைய இரும்புக்குப் போகவிருந்த அறுபத்தெட்டாம் வருஷத்து பெட்ரோல் பிக்கப் ஒன்றை வாங்கி, மொபைலில் வீடியோ பார்த்து ரிப்பேர் செய்யக் கிளம்பியவன். இவனெல்லாம் வீடியோ பார்த்துப் பிரசவமே பார்ப்பான் என்று பூலோகம் காறித் துப்பினான்.

ஆறு மாதம் அந்த வண்டியைப் போட்டு உரித்தான் ராஜபாண்டி. கனத்த இரும்புத் தளத்தைக் கழற்றிவிட்டு பிளைவுட் போட்டான். கார்பரேட்டரை ஏழு தடவை பிரித்தான். பின்பக்கத்தைத் தார்ப்பாயால் இழுத்து மூடி, “காத்து தடுக்காது மச்சான், பெட்ரோல் மிச்சம்” என்றான்.

“வண்டிக்கு ரவிக்க போட்டா மைலேஜ் வந்துருமா மாப்ள?” என்று பூலோகம் கேட்க, கேரேஜே சிரித்தது. ராஜபாண்டியும் கூடச் சிரித்தான். அதுதான் பூலோகத்துக்கு இன்னும் எரிச்சல். ரோஷம் கெட்ட பயல்.

மாட்டுங்காவில் ஹோட்டல் வைத்திருக்கும் கேஷவ் சேட்டுக்கு அந்த வண்டி பிடித்துப்போனது. ஆபீஸ்களுக்கு டிபன் கொண்டுபோக, ஜனங்கள் நின்று போட்டோ எடுக்கிற மாதிரி வண்டி வேண்டுமாம். ராஜபாண்டிக்கு அதிலேயே டிரைவர் வேலை, மாதச் சம்பளம். ஒரே நிபந்தனை, லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடவேண்டும். அளந்து சொல்லும் பொறுப்பை பூலோகத்திடமே விட்டார் சேட். எட்டு மாதமாக வருமானமில்லாத வீடு. கிளம்பும்போது பொன்செல்வி, “நீ கூடப் போறதே எனக்குத் தெம்புண்ணே” என்றாள்.

காலையில் கிங்ஸ் சர்க்கிள் பம்பில் டேங்கை நிரப்பினார்கள். குழாய் தானாக நின்றதும் போதும் என்றுவிட்டான் பூலோகம். கோபர்கைரனே போய்த் திரும்ப நாற்பத்தெட்டு கிலோமீட்டர். ராஜபாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு, ஆக்சிலேட்டரைக் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் தொட்டான். முள் நாற்பதைத் தாண்டவில்லை. வாஷி பாலத்தில் ஆட்டோக்காரன்கூட ஏசிவிட்டு முந்திப்போனான். இவன் ஓட்டுகிறானா, வண்டியைத் தாலாட்டுகிறானா என்று பூலோகம் பல்லைக் கடித்தான். ஆனால் எஞ்சின் ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. அது அவன் காதுக்குத் தெரிந்தது, மனசுக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்து அதே பம்பில் பெட்ரோல் போட்டபோது, மூன்று புள்ளி எட்டு லிட்டரில் குழாய் நின்றது. பன்னிரண்டைத் தாண்டியாகிவிட்டது. பூலோகத்துக்கு வயிறு எரிந்தது. மொபைலைப் பார்த்துப் படித்த பயலிடமா தோற்பது?

அப்போது ராஜபாண்டியே இறங்கி வந்தான். “டேங்குல காத்து நிக்கும் மச்சான். ஆட்டி ஊத்திருவோம். மச்சானும் மாப்ளயும் சேந்து ஏமாத்திட்டாங்கன்னு ஒங்க பேரு கெடக் கூடாதுல்லா” என்று வண்டியைப் பிடித்து ஆட்டத் தொடங்கினான்.

காலையில் ஆட்டாமல் நிரப்பிய டேங்க். இப்போது ஆட்டினால் ஓட்டத்தில் செலவாகாத பெட்ரோலும் கணக்கில் ஏறும். ஆட்டாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூலோகம் சொல்லவில்லை. மறுபக்கம் போய் அவனும் கை வைத்து ஆட்டினான்.

நாலு புள்ளி ஆறு.

போனில் சேட் கேட்டார். “பத்தரைகூட இல்ல சேட்” என்றான் பூலோகம். அவர் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

வண்டியில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தான் ராஜபாண்டி. பிறகு, “நீங்க அன்னைக்கே சொன்னீங்க மச்சான். நாந்தான் கேக்கல. ஒங்க கேரேஜுல சேத்துக்கிடுதீங்களா? ஒங்ககிட்ட மொறயாப் படிக்கேன்” என்றான்.

ஆறு மாதமாக பூலோகம் எதிர்பார்த்திருந்த மரியாதை அதுதான். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கத் துப்பில்லாமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “காலையில எட்டு மணிக்கு வந்துரும் மாப்ள” என்றான்.