மஞ்சள் கொம்பின் நாடித்துடிப்பு

ஐம்பத்திரண்டு வயதில் என் வீட்டுக்காரருக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது. சௌந்தரராஜன் என்றால் வில்லியனூர் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும், பெயிண்ட் கடைக்காரர். கல்லாவை விட்டு எழுந்து குடோனுக்குப் போகக்கூட ஆள் அனுப்புகிற மகராசன். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிய டாக்டர், "தினம் நடங்க. மெதுவா ஓடினாலும் சரி. நாடி நூத்தி இருபதுக்கு வரணும், நூத்தி முப்பதைத் தாண்டக்கூடாது" என்றார். நடங்க என்று சொன்னது மட்டும் இவர் காதில் விழவில்லை. மறுநாளே நாடி காட்டுகிற கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வாங்க வைத்தவன் பாலாஜி. எதிரே எலக்ட்ரிகல் கடை. விடியற்காலையில் ஊசுட்டேரி ரோட்டில் ஓடுகிற வியாபாரிகள் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். ஓடி முடித்ததும் எல்லோரும் மணிக்கட்டை நீட்டி எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். யாருக்குக் குறைவோ அவர் வீரர். பொருளுக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிற கும்பல், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் குறைந்தால் பூரித்துப்போகும்.

முதல் மாதம் இவரால் வீரராக முடியவில்லை. நாலு மின்கம்பம் தாண்டுவதற்குள் கடிகாரம் நூற்று முப்பதைக் காட்டி அலறும், இவர் நடக்க ஆரம்பித்துவிடுவார். அவமானம் அவருக்கு, நிம்மதி எனக்கு.

அப்புறம் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டார். வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல், நூலில் விரல் தடிமனுக்கு ஒரு மஞ்சள் கொம்பு. தீ மிதித்து முடிக்கும்வரை அவிழ்க்கக்கூடாது. கடிகாரத்தையும் வலது கையில்தான் கட்டுவார். இடது கையில் கட்டினால் வருகிற லாபம் தங்காது என்று எந்தக் காலத்திலோ ஒரு ஜோசியன் சொல்லித் தொலைத்திருக்கிறான். அதனால் மஞ்சள் கொம்பின் மேலேயே கடிகாரத்தை வைத்து வாரை இழுத்துக் கட்டினார். அது தோலில் படாமல் அந்தரத்தில் நின்றது. அடியில் எரிகிற பச்சை வெளிச்சம் பக்கவாட்டில் ஒழுகியது.

"அது கையிலயே படலையேங்க. இன்னாத்த அளக்கும்?" என்று கேட்டேன்.

"சென்சார பத்தி உனக்கு இன்னாடி தெரியும்? போய் காப்பித்தண்ணி வை."

அன்றைக்கு எவ்வளவு ஓடியும் கடிகாரம் தொண்ணூற்று நாலைத் தாண்டவில்லை. மஞ்சள் கொம்புக்கு அதற்குமேல் துடிக்க என்ன அவசியம்? இவருக்குத் தலைகால் புரியவில்லை. "அம்மன் அருளு" என்றார். பாலாஜி அவர் கையைப் பிடித்து ஊருக்கே காட்டினான். "அண்ணே, இது அத்லெட் ஹார்ட்டுண்ணே! எனக்கே இப்படி வராது."

பெருமையோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் டாக்டர் கேட்டது நூற்று இருபது. தொண்ணூற்று நாலு என்றால் உழைப்பு போதவில்லை என்று இவருக்குக் கணக்கு. அதனால் தினமும் வேகத்தைக் கூட்டினார். அதுவும் விரதத்தில், ஒருவேளைச் சாப்பாட்டில். படி ஏறி வரும்போது சுவரைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். கேட்டால் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுவார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த மனுஷனை அந்தப் பொம்மைக்குப் பறிகொடுத்துவிடுவேனோ என்று ஸ்கூட்டரில் பின்னாலேயே போக ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. ஏரிக்கரைத் திருப்பத்தில் அவர் உதடு வெளுத்திருந்தது. வாய் பிளந்து கிடந்தது.

"நிறுத்துங்க! போதும், வண்டில ஏறுங்க!"

பேச மூச்சில்லை. மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடினார். கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். நான் ஓடிப்போய் நெஞ்சில் கை வைத்தேன். எங்கள் கடையில் பெயிண்ட் டப்பாவைக் குலுக்குகிற மெஷின் மாதிரி அடித்துக்கொண்டது.

"தொண்ணூத்தாறுதான் உமா... ஒண்ணுமில்ல" என்றார் என் அத்லெட்.

பாலாஜி வந்து குனிந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தான். "நார்மல்தான் அண்ணி. கேஸா இருக்கும். ஒரு சோடா குடிச்சா—"

"மனுசன் மூஞ்சியப் பார்றா! அந்த எழவு வாட்சப் பாக்காத!" என்று கத்தினேன். காய்கறி ஏற்றி வந்த குட்டியானை வண்டியை மறித்து, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அவசரப் பிரிவில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் நூற்று எண்பத்திரண்டு என்று வந்தது. இதயம் தாளம் தப்பி ஓடுகிறது என்றார் டாக்டர். காப்புக் கட்டிய வலது கையில்தான் ஊசி ஏற்ற நரம்பு கிடைத்தது. நர்ஸ் சகாயராணி கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "இந்தக் கயிறையும் எடுக்கணும்மா" என்றாள்.

"காப்ப அவுக்கக்கூடாது" என்று முனகினார். சாகக் கிடக்கிற நேரத்திலும் வீம்பு.

தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து நானே வெட்டினேன். அம்மனுக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும், இவரை விட்டால் போதும். என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

வெளியே பாலாஜி செல்போனை வைத்துக்கொண்டு விழித்தான். கடிகாரம் தானாகவே அன்றைய ஓட்டத்தைக் குழுவுக்கு அனுப்பியிருந்தது. 'லேசான பயிற்சி. நாளை வேகத்தைக் கூட்டலாம்.' அதன் கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். ஒருவர் 'அண்ணன் கலக்கிட்டார்' என்று எழுதியிருந்தார். படித்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது.

தொலைந்துபோகக்கூடாது என்று கடிகாரத்தை என் கையில் கட்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். மருந்து வேலை செய்திருந்தது, திரையில் எண்பத்தெட்டு. கண் திறந்ததும் அவர் பார்வை என் முகத்துக்குக்கூட வரவில்லை, நேரே என் மணிக்கட்டுக்குத்தான் போனது. புத்தி எங்கே போகும்!

"இன்னாடி இது, நூத்தி நாப்பத்தெட்டு காட்டுது? நீ சும்மாதானே நிக்கிற?"

"என் கையில தோல்ல பட்டு ஒக்காந்திருக்குதுங்க. சரியாத்தான் காட்டுது" என்றேன்.

அவர் அந்த எண்ணையே பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் கோபத்தோடு வாரை அவிழ்க்கப் போனேன். ஊசி ஏறாத கையை நீட்டித் தடுத்தார்.

"கழட்டாத உமா. அது எறங்குற வரைக்கும் இப்படி என் பக்கத்துல ஒக்காரு."