பூனையின் பெயர் வரும்வரை

சுவரொட்டியின் குறுக்கே ஒரு மஞ்சள் தாளைப் புதிதாக ஒட்டியிருந்தார்கள். ‘படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். கடைசியில் ஒரு விருந்து இருக்கிறது.’ மாஸ்டர் அதை இரண்டு முறை படித்தார். பசை இன்னும் காயவில்லை.

“என்ன விருந்துங்க?” என்றாள் மனைவி.

“யாருக்குத் தெரியும்.”

“ஆறு படத்துக்கும் சண்டை சொல்லிக்குடுத்தது நீங்க. உங்களுக்கே தெரியாதா?”

“அடிக்கத்தான் சொல்லிக்குடுத்தேன். விருந்து வைக்கச் சொல்லிக்குடுக்கல.”

பின்னால் வந்த மச்சான் சிரித்தான். மனைவியின் தம்பி. ‘வெறுங்கை’ வரிசைப் படங்களில் நாயகனுக்குப் பதிலாக விழுந்தவன் அவன்தான். மாடியிலிருந்து, குதிரையிலிருந்து, ஓடும் லாரியிலிருந்து. எங்கிருந்து தள்ளினாலும் காலில் நிற்பான் என்பதால் பூனை என்று பெயர். ஐந்து படங்களில் ஒரு கீறல்கூட இல்லை. ஆறாவதில், இந்தக் கடைசிப் பாகத்தில், இடுப்பு உடைந்தது. எட்டு மாதத்தில் ஆறியும்விட்டது. பழையபடி குதிக்கலாம் என்று மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார். படியேறும்போது மட்டும் இடது கால் ஒரு நொடி யோசிக்கும்.

தியேட்டர் படியில் நின்று அவன் ஓர் உறையை எடுத்தான்.

“மாமா, அப்புறம் மறந்துடுவேன். நாளைக்குச் சங்கத்துல குடுத்துடுங்க.”

சண்டைக் கலைஞர்கள் சங்கத்துக்கு மாஸ்டர்தான் துணைத்தலைவர். உறையைப் பிரிக்க வேண்டியதில்லை. பட்டியலிலிருந்து தன் பெயரை அடித்துவிடச் சொல்லும் கடிதம்.

“அதுக்கென்ன அவசரம் மாப்ள?”

“நல்லாக் கேட்டீங்க. அவசரம்தானே இவன் பொழப்பே” என்றாள் அக்கா. “அவசரக்குடுக்கை. ஒரு நொடி பொறுத்திருந்தா இடுப்பு உடைஞ்சிருக்குமா?”

“விடுக்கா.”

“எப்படிடா விடறது? மூணு மாசம் உன்னைக் கைத்தாங்கலா நடக்க வச்சவ நான்.”

பூனை தலையைக் குனிந்துகொண்டான். “காது செத்துப்போச்சுக்கா. எண்ணிக்கை கேக்காத காதை வச்சிக்கிட்டு மாடியில ஏறி நிக்கறது, கூட இருக்கறவனுக்கும் ஆபத்து.”

மாஸ்டர் உறையைச் சட்டைப்பையில் வைத்தார். காகிதம்தான். ஆனாலும் கனத்தது.

முதல் நாள், மதியக் காட்சி. முக்கால் அரங்கு நிறைந்திருந்தது. பூனை நடுவில், இருபுறமும் அக்காவும் மாமாவும். ஐந்து படத்துக்கும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மாஸ்டரின் பெயர் ஆரம்பத்திலேயே பெரிதாக வந்துவிடும். டூப்பின் பெயர் கடைசியில், தேநீர் கொடுத்தவருக்கும் ஜெனரேட்டர் ஓட்டியவருக்கும் நடுவில், ஒரு நொடி வரும். அதற்குள் அரங்கு காலியாகியிருக்கும். மூன்று பேரும் காத்திருந்து, வந்ததும் கைதட்டிவிட்டு எழுந்து போவார்கள்.

விளக்கு அணைந்தது.

முதல் சண்டையிலேயே படம் கையை விரித்துவிட்டது. நாயகன் காலைத் தூக்கும்போது ஒரு வெட்டு. கால் காற்றில் இருக்கும்போது ஒரு வெட்டு. எதிராளி சரியும்போது ஒரு வெட்டு. அடி எங்கே விழுந்தது என்று அடித்தவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. நாயகனின் மூட்டு தேய்ந்துபோயிருந்தது. அதனால் எல்லாரையும் மெதுவாகச் சண்டைபோட வைத்துப் படமெடுத்து, பிறகு இயந்திரத்தில் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள். திரையில் ஆட்கள் சாவி கொடுத்த பொம்மைகள் போல ஓடினார்கள்.

“அண்ணே, பாத்துத் தூக்குங்க! கால் கழண்டு கையோட வந்துடப் போகுது!” என்றது பின்வரிசை.

அரங்கு சிரித்தது.

“சண்டை மாஸ்டர் யாருப்பா? எல்லாருக்கும் தூக்க மாத்திரை குடுத்துட்டுல்ல கூட்டிட்டு வந்திருக்கான்!”

மனைவி திரும்பி வாயைத் திறந்தாள். மாஸ்டர் கைநீட்டித் தடுத்தார். வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு அவரே எழுந்திருப்பார். இன்று எதுவும் உறைக்கவில்லை. ஒரே ஒரு காட்சிக்காகக் காத்திருந்தார். அது வரக்கூடாது என்று காத்திருந்தார்.

அந்த மாடிக் காட்சி.

நாயகன் மரக் கைப்பிடியை உடைத்துக்கொண்டு மாடியிலிருந்து விழ வேண்டும். விழுவது பூனை. கேமரா முதலில் முற்றத்து வெறும் தரையைக் காட்டும். பிறகு மேலே திரும்பும். அந்த இடைவெளியில் இரண்டு பேர் சக்கரம் வைத்த மெத்தையைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும். எல்லாம் மாஸ்டரின் எண்ணிக்கையில். ஒண்ணு. ரெண்டு. ஹா. ரெண்டுக்கு மெத்தை கிளம்பும். ஹாவுக்குப் பூனை குதிப்பான்.

இந்தப் படத்துக்கு மட்டும் எண்ணிக்கையை மாற்றியிருந்தார்கள். மெதுவான சண்டைக்கு மெதுவான எண்ணிக்கை. ரெண்டுக்கும் ஹாவுக்கும் நடுவே இரண்டு மூச்சு விடலாம். ஆறு நாள், பிள்ளையைத் தூங்க வைப்பவர் போல மாஸ்டர் இழுத்து இழுத்து எண்ணினார். ஏழாவது நாள் நாயகன் ஒன்பது முறை நிறுத்தினார். முடி கலைந்தது, வெயில் கண்ணில் பட்டது, வசனம் பிடிக்கவில்லை. மாஸ்டருக்குத் தலைக்கேறியது. பத்தாவது முறை வாயைத் திறந்தபோது பதினைந்து வருடப் பழக்கம் தானாக வெளியே வந்தது. பழைய எண்ணிக்கை. வாயை விட்டு வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

பூனை யோசிப்பவன் இல்லை. ஹா என்றால் காற்றில் இருப்பான். மெத்தை பாதி வழியில் இருந்தது.

செட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். எண்ணிக்கையைக் கேட்பது அதில் மூன்று பேருடைய வேலை. மற்றவர்களுக்கு அது ஒரு சத்தம். மெத்தை தள்ளிய இருவரும் “அவர் முந்திட்டார்” என்றார்கள். பொய் சொல்லவில்லை, சக்கரம் உருண்ட சத்தத்தில் அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. பூனைக்குத் தலையிலும் அடி. அந்த நாளே நினைவில் இல்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை விழித்து, “என்ன ஆச்சு மாமா?” என்று கேட்டான். பக்கத்தில் தயாரிப்பாளர் நின்றார். மனைவி நின்றாள்.

“கொஞ்சம் முந்திட்ட மாப்ள” என்றார் மாஸ்டர். “யாருக்கும் வர்றதுதான்.”

பிறகு சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். பிறகு என்பது நழுவிக்கொண்டே போனது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பூனை கரண்டியால் தட்டில் தட்டுவான். ஒண்ணு, ரெண்டு, ஹா. தன் காதுக்குத் தானே பரீட்சை வைப்பான். மாஸ்டர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

போன மாதம் எடிட்டரைப் போய்ப் பார்த்தார். “அந்த டேக் வேண்டாம். என் மச்சான் பாத்தாத் தாங்க மாட்டான்” என்றார். தாங்க மாட்டாதவர் யார் என்பதை எடிட்டர் கேட்கவில்லை. “படத்துல இருக்காது மாஸ்டர். என்னை நம்புங்க.”

திரையில் நாயகனும் வில்லனும் மாடிக்கு வந்துவிட்டார்கள்.

பூனை முன்னால் சாய்ந்தான். “மாமா, இதானே?”

“ம்” என்றார் மாஸ்டர்.

வில்லன் தள்ளினான். கைப்பிடி முறிந்தது. ஒரு வெட்டு. நாயகன் முற்றத்தில் நின்று சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“எப்படிடா எறங்குனான்? லிஃப்ட்லயா?”

“லிஃப்டுக்கும் டூப்பு போட்டிருப்பாங்க!”

அரங்கு அதிர்ந்தது. மாஸ்டர் மூச்சை விட்டார். எடிட்டர் சொன்ன சொல் தவறவில்லை.

“தூக்கிட்டாங்க” என்றான் பூனை, பின்னால் சாய்ந்து. “அவ்ளோ கேவலமாவா விழுந்திருக்கேன்.”



வில்லன் ஒருவழியாக ஈரத்தரையில் தானே வழுக்கி விழுந்து செத்தான். பதினைந்து வருடப் பகை அப்படி முடிந்தது. விசில் அடிக்க வந்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்தார்கள். பெயர்கள் ஓடத் தொடங்கின.

மாஸ்டர் எழுந்து நின்றார். “வாங்க. கூட்டம் வர்றதுக்குள்ள வண்டியை எடுத்துடலாம்.”

“பேர் வரட்டும் மாமா.”

“இந்தக் குப்பைல பேர் வந்தா என்ன, வராட்டி என்ன?”

“என்னங்க இது?” மனைவி முகம் சுளித்தாள். “அஞ்சு படத்துக்கு உக்காந்தோம். கடைசியா வர்றது. உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார்.

திரை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் பெயர்கள். மறுபக்கம் படப்பிடிப்பில் சொதப்பியவை. இதுதான் விருந்து. முன்பெல்லாம் நாயகன் இதற்கு இடம் கொடுத்ததில்லை. படம் தேறாது என்று தெரிந்ததும், சிரிக்க வைத்தாவது அனுப்பலாம் என்று யாரோ கடைசி வாரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். நாயகன் வசனத்தை மறந்து நாக்கைக் கடித்தார். அவருடைய பொய்முடி மின்விசிறியில் பறந்தது. வாசல்வரை போனவர்கள் நின்று சிரித்தார்கள். இரண்டரை மணி நேரத்தில் முதல்முறையாகப் படத்தோடு சேர்ந்து சிரித்தார்கள்.

இது செட்டிலேயே பதிவான சத்தம் என்பது மாஸ்டருக்கு உறைத்தது. டப்பிங் இல்லை, இசை இல்லை. எழுந்திருக்க நினைத்தார். அதற்குள் அடுத்த துண்டு வந்துவிட்டது.

வெயில் விழுந்த மாடி. கைப்பிடியின் பின்னால் பூனை, நாயகனின் சிவப்புச் சட்டையில். கீழே வெறும் தரை. அரங்கின் நான்கு மூலையிலிருந்தும் மாஸ்டரின் குரல் வந்தது.

“ஒண்ணு ரெண்டு ஹா!”

பூனை காற்றில் இருந்தான். படம் அங்கேயே உறைந்தது. யாரோ ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் சேர்த்திருந்தார்கள். அரங்கு சிரித்தது. அடுத்த துண்டு வந்தது.

மூன்று நொடி இருக்கும்.

பூனையின் வலது கை இருக்கையின் கைப்பிடியில் இருந்தது. ஆட்காட்டி விரல் மெல்லத் தட்டியது. தட், தட், தட். நிறுத்தி, மறுபடியும் அதே வேகத்தில் தட்டியது. பிறகு அவன் திரும்பினான்.

“அது வேற டேக்கா மாமா?”

குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. ஆமாம் என்று சொல்லச் சொல்லிக் கேட்டது போல் இருந்தது. பத்து டேக் எடுத்தார்கள். ஆமாம் என்றால் முடிந்தது. நாளைக்குக் கடிதம் போய்விடும், குடும்பம் குடும்பமாக இருக்கும். மாஸ்டர் வாயைத் திறந்தார்.

“இல்ல” என்றார். “அதேதான்.”

“என்ன அதேதான்?” மனைவி எட்டிப் பார்த்தாள். “என்னடா? ரெண்டு பேரும் ஏன் இப்படி இருக்கீங்க?”

“பழைய எண்ணிக்கை” என்றான் பூனை. அக்காவிடம் சொல்லவில்லை, மாமாவைப் பார்த்தே சொன்னான். “நான் முந்தல.”

“நீ முந்தல.”

“சரியாக் குதிச்சிருக்கேன்.”

“ஹாவுலதான் குதிச்ச. நான்தான் மாத்தி எண்ணிட்டேன்.”

“எப்பத் தெரியும்?”

“அப்பவே.”

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துவிட்டது என்பது அவள் கையில்தான் முதலில் தெரிந்தது. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தாள்.

“எட்டு மாசம்” என்றாள். “எட்டு மாசமா இவனை அவசரக்குடுக்கைன்னேனே. நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுதானே இருந்தீங்க?”

மாஸ்டர் தலையாட்டினார்.

திரை கறுத்தது. விளக்குகள் வந்தன. பூனையின் பெயர் வந்து போனதை மூன்று பேருமே பார்க்கவில்லை. துடைப்பத்தோடு வந்த ஆள் முன்வரிசையில் நின்று, “சார், அடுத்த காட்சிக்குக் கூட்டணும்” என்றார்.

பூனை கையை நீட்டினான். மாஸ்டர் உறையை எடுத்துக் கொடுத்தார். அவன் அதை நாலாக மடித்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்தான். கிழிக்கவில்லை.

“நாளைக்குச் சங்கம் எத்தனை மணிக்கு மாமா?”

“பத்துக்கு.”

“நானும் வர்றேன். மெத்தை தள்ளுன ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. வெளிய என்ன சொன்னாலும், அவங்களும் தங்களாலன்னு உள்ளுக்குள்ள நினைச்சிட்டிருப்பாங்க.”

“சொல்றேன்.”

“நீங்களே எல்லார் முன்னாடியும் சொல்லணும்.”

“சரி.”

பூனை எழுந்தான். அக்கா அவனுடைய இடது பக்கம் போய் நின்றாள். கை கொடுக்க நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டாள். அவன் படியில் கால் வைத்தான். கால் யோசிக்கவில்லை.

மாஸ்டர் பின்னால் நடந்தார். வாசலில் அடுத்த காட்சிக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவன் கேட்டான். “அண்ணே, படம் எப்படி?”

மாஸ்டர் நின்றார். முன்னால் போன இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“கடைசிவரைக்கும் உக்காருங்க” என்றார்.